யாருடைய எருதை எடுத்தேன்?

சேலத்தில் கிறிஸ்தவத் தலைமைத்துவக் கருத்தரங்குகளுக்குக் குறைச்சலே இல்லை. ஏற்காடு பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவிட்டால் குளிர் காற்று, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள், நேரத்துக்குச் சாப்பாடு. புரொஜெக்டரில் கழுகுப் படம் ஒன்று கட்டாயம் வரும். மோசே, யோசுவா, தாவீது, நெகேமியா எல்லாரும் ஆளுக்கு ஏழு குறிப்புகளாக வந்து போவார்கள். கடைசியில் ஒரு சான்றிதழ், குரூப் போட்டோ, மலை இறக்கம்.

நானும் போயிருக்கிறேன். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; சாப்பாடு நன்றாகவே இருக்கும், சில பேச்சாளர்களும்தான். ஆனால் நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். வேதத்தைத் திறந்தாலும் கண் முதலில் தொகை இருக்கிற இடத்துக்குத்தான் போகிறது. அப்படி வாசித்துப் பழகியதில் ஒன்று பிடிபட்டது. கருத்தரங்கில் தலைவன் என்றால் தரிசனம், இலக்கு, செல்வாக்கு. வேதத்திலோ தலைவனைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப எருது, கழுதை, கூலி, வட்டி, சாப்பாட்டுப் பங்கு, காணிக்கைப் பணம் என்று வந்து நிற்கிறது. ஒருவன் கை வழியாக என்ன போகிறது, போகும்போது எவ்வளவு கையில் ஒட்டுகிறது என்றுதான் கேட்கிறது.

இஸ்ரவேலை நியாயம் விசாரித்துவந்த சாமுவேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்டு, சவுலும் வந்தாயிற்று. கிழவர் பொறுப்பை விட்டு இறங்கும் நேரம். 1 சாமுவேல் 12-ல் அவர் எல்லார் முன்னும் எழுந்து நின்று கேட்கிறார்: “நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?” யாருக்காவது அநியாயம் செய்தேனா, யார் கையிலாவது லஞ்சம் வாங்கினேனா, சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்கிறார். புது ராஜாவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு இதைக் கேட்டதுதான் விசேஷம். நான்கு அதிகாரங்களுக்கு முன்னால் அதே சாமுவேல், ராஜா வந்தால் உங்கள் பிள்ளைகளை எடுப்பான், வயல்களை எடுப்பான், தானியத்தில் பத்தில் ஒன்று எடுப்பான் என்று பட்டியல் போட்டு எச்சரித்திருந்தார். இப்போது தன் பட்டியலை விரித்துக் காட்டுகிறார். நாளைக்கு உன்னிடமும் இதையே கேட்பார்கள் என்று சவுலுக்குப் புரிந்திருக்கும்.

நம் ஊரில் பொறுப்பை விட்டு இறங்குகிறவர் என்ன சொல்வார்? சால்வையைப் போர்த்திக்கொண்டு, “இந்த நாட்களில் நான் தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்” என்பார். கூட்டம் உருகிவிடும். எந்தத் தவறு, யாருக்கு, எவ்வளவு என்று ஒருவரும் கேட்க முடியாது. சாமுவேலின் கேள்வியில் உருகுவதற்கு ஒன்றுமில்லை. எருது என்றால் எருது. எருதைப் பறிகொடுத்தவன் எழுந்து நிற்கலாம்.

ஒரு ஆடிட் ஆளாக இதையும் சொல்லிவிடுகிறேன். சாமுவேலின் பிள்ளைகள் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கியவர்கள். அன்றைக்கு அவர் “என் குமாரர் உங்களோடிருக்கிறார்கள்” என்று ஒரே வரியில் அதைக் கடந்துபோகிறார். அந்தக் குறிப்பு மூடப்படாமலேயே இருக்கிறது. வேதம் தன் ஆட்களுக்கு வெள்ளையடிப்பதில்லை, அது எனக்குப் பிடித்த குணம்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். சபையின் முதல் உள்தகராறு உபதேசத்தைப் பற்றி வரவில்லை, சாப்பாட்டைப் பற்றி வந்தது. கிரேக்க மொழி பேசுகிறவர்களுடைய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று எபிரெயர் மேல் முறுமுறுப்பு. இதைப் பிரசங்கிக்கும்போது, அப்போஸ்தலர்கள் ஜெபத்துக்கும் வசனத்துக்கும் நேரம் ஒதுக்கினார்கள், நாமும் வேலையைப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். யாரிடம் கொடுத்தார்கள் என்பதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கிரேக்கப் பெயர் இருந்தாலே கிரேக்க மொழிக்காரர் என்று சாதித்துவிட முடியாதுதான். பன்னிருவரிலேயே பிலிப்பும் அந்திரேயாவும் உண்டு. ஆனாலும் ஏழுக்கு ஏழும் அப்படி அமைவது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. புகார் சொன்ன பக்கத்தின் கையிலேயே பண்டசாலைச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

நம் சபைகளில் ‘கிரேக்கர், எபிரெயர்’ என்பதற்கு வேறு பெயர்கள் உண்டு. எல்லாருக்கும் தெரியும், ஆராதனை அறிவிப்பில் மட்டும் வராது.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று அன்பின் விருந்து நடக்கும். பூசணிக்காயும் சேவலும் ஏலம் போய் முடிந்ததும் பந்தி. மட்டன் பிரியாணி, தயிர் வெங்காயம், கத்தரிக்காய், ஒரு முட்டை. முதல் பந்தியில் கமிட்டிக்காரர்கள், வெளியூர் விருந்தாளிகள், பாடகர் குழு. கடைசிப் பந்தியில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சாமான் கழுவுகிறவர்கள், பந்தல் கட்டியவர்கள், பின்தெருவிலிருந்து வருகிற குடும்பங்கள். கடைசிப் பந்திக்கு அண்டாவில் கரண்டி போட்டால் வெறும் சோறுதான் வரும். “நமக்கு என்னைக்கும் குஸ்காதானுங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பு பல வருஷம் ஓடியது. கமிட்டியில் இது பேச்சாக வந்தபோதெல்லாம், அடுத்த வருஷம் ஐந்து கிலோ கறி கூடப் போடலாம் என்று தீர்மானம் போடுவார்கள். கூடப் போட்ட கறியும் முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடும்.

புதிதாக வந்த ஆயர் ஒருவர் கறியைக் கூட்டவில்லை. சத்தமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டார். மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறவர். “அக்கா, இந்த வருஷம் அண்டா உங்க பொறுப்பு. நீங்க சொல்றதுதான் அளவு” என்றார். அந்த அக்கா முதலில் செய்த வேலை, தம் உடைத்ததும் கறித் துண்டுகளை வேறு பாத்திரத்துக்குத் தனியாக எடுத்தது. பந்திக்கு இவ்வளவு என்று கிண்ணத்தில் பிரித்து, கடைசிப் பந்திக்கான கிண்ணத்தை முதலில் மூடி வைத்தார். அதற்குப் பிறகுதான் முதல் பந்திக்கே பரிமாற விட்டார். தட்டுக்கு மூன்று துண்டு. கமிட்டிச் செயலாளர் வீட்டில் ஒருவர், “எங்களுக்கே மூணு பீஸா?” என்று கேட்டேவிட்டார். “எல்லாத்துக்கும் மூணுதானுங்க, வேணும்னா சோறு வாங்கிக்கங்க” என்று பதில் வந்தது.

இதோடு கதை சுபமாக முடிந்தது என்று சொன்னால் பொய். அந்த அக்கா தன் சொந்தக்காரர்கள் தட்டில் ஒரு துண்டு கூடப் போட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையோ பொய்யோ, அடுத்த வருஷம் அவரோடு இன்னொரு தெருக்காரர் ஒருவரையும் சேர்த்து நிறுத்தினார்கள். அதுவும் சரியான ஏற்பாடுதான். யாராக இருந்தாலும் கரண்டி கையில் வந்தபின் பக்கத்தில் இன்னொரு கண் வேண்டும்.

பந்தி விஷயம் இந்தியச் சபைத் தலைமையின் பழைய புண். 1910-ல் எடின்பரோவில் நடந்த மிஷனரி மாநாட்டில் திருநெல்வேலிச் சீமைக்காரரான வி. எஸ். அசரியா எழுந்து பேசினார். மிஷனரிகள் பொருளையும் உடலையும் தியாகமாகக் கொடுத்தது உண்மை, எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்றார். வேலையை ஒன்றாகச் செய்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் விலகி உட்காருகிற தலைமையை அவர் சபையிலேயே வைத்துக் கேட்டார். இரண்டு வருஷத்தில், 1912-ல், ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். வெள்ளைக்காரர்களைப் பற்றியது என்று இதை நாம் சந்தோஷமாக மேற்கோள் காட்டுகிறோம். மேசைக்கு இந்தப் பக்கம் நாம் உட்கார்ந்த பிறகு என்ன நடந்தது என்பதற்குக் குஸ்காவே சாட்சி.

என் அப்பா சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். காப்பி வந்த மறுவருஷமே எடைத் தகராறும் வந்திருக்கும் என்பது அப்பாவின் கருத்து. பழம் பறிக்கிற மாதங்களில் சாயந்தரம் பெண்கள் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்கு வருவார்கள். அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே பல்பரில் (பழத்தின் தோலை உரிக்கிற இயந்திரம்) போட வேண்டும், இல்லாவிட்டால் பழம் புளித்துவிடும். அதனால் எடை போடுவதில் ஒரே அவசரம். இருட்டு, பனி, அரிக்கேன் விளக்கு. சாக்கின் எடை கழிப்பு, ஈரத்துக்குக் கழிப்பு, இலை தழை கழிப்பு. இவ்வளவு என்று ரைட்டர் சொன்னால் அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி, எண்ணோ ரைட்டர் நோட்டில். தினமும் சண்டை.

அப்பாவுக்குக் கோபம் அதிகம், பொறுமை கிடையாது. ஒருநாள், எல்லாரையும்விட அதிகமாக வாயாடுகிற மலைக் கிராமத்து அம்மாவைக் கூப்பிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். “இனி நீ பார்த்துச் சொல்லு, நான் எழுதறேன்.” முள் எந்தக் கோட்டில் நின்றால் எவ்வளவு என்று சொல்லிக் கொடுத்தார். வெறும் சாக்கை முதலில் தொங்கவிட்டு அதன் எடையை எல்லாருக்கும் காட்டினார். ஈரக் கழிப்பு மழை நாளில் மட்டும் என்று முடிவானது. மேஸ்திரிக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. கழிப்பில் அவருக்கும் ஒரு சின்னக் கணக்கு இருந்தது. அப்பா இதை வேத வசனம் பார்த்துச் செய்யவில்லை. தினசரிச் சண்டையில் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது, அவ்வளவுதான். பிற்பாடு நான் அப்போஸ்தலர் 6-ஐ இந்தக் கோணத்தில் சொன்னபோது, “அப்படியா போட்டிருக்கு?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்.

கூலி விஷயத்தில் மட்டும் அவர் வசனம் சொல்வார். உபாகமம் 24-ல் ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் அதை ஆவலாய்க் காத்திருக்கிறான் என்று இருக்கிறது. சந்தை நாளுக்கு முந்தின சாயந்தரம் கூலி கையில் வராவிட்டால் அந்த வாரம் அரிசி கடனுக்குத்தான். அதனால் சேலத்திலிருந்து பணம் வரத் தாமதமானால் அப்பா நிலைகொள்ள மாட்டார். தோட்டத்தில் அவர் பதவி ரொம்பச் சின்னது. ஆனால் அந்தச் சாயந்தரம் அத்தனை வீட்டு அடுப்பும் அவர் கையில் இருந்தது.

நான் சொல்ல வருவது இதைத்தான். தலைமைத்துவம் என்றதும் கமிட்டி, மேடை, மைக் என்று யோசிக்கிறோம். எனக்கு ஒரு பதவியும் இல்லையே, தலைமை பற்றிய வசனமெல்லாம் ஆயருக்கும் மூப்பருக்கும்தான் என்று பெரும்பாலான விசுவாசிகள் நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணுகிறவர். ஒருவர் தறிக்கூடத்தில் பாவு பிரித்துக் கொடுக்கிறவர். இன்னொருவர் அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பாகம் பிரிக்கிற மூத்தவர். மற்றவருக்குத் தேவையான ஒன்று நம் கை வழியாகப் போகிறது என்றால் சாமுவேலின் கேள்வி நமக்கும் உண்டு.

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வெள்ளிப் பட்டறைக்காரர் இருக்கிறார். சேலத்துக் கொலுசை ஒரே ஆள் செய்வதில்லை. உருக்குவது ஒருவர், கம்பி இழுப்பது ஒருவர், வளையம் கோப்பது, பற்ற வைப்பது, மணி சேர்ப்பது, பாலிஷ் போடுவது என்று கை மாறிக்கொண்டே போகும். நிறைய வேலை வீடுகளில் பெண்கள் செய்வது. ஒவ்வொரு கை மாறும்போதும் எடை. கொடுத்த வெள்ளிக்கும் திரும்பி வந்த வெள்ளிக்கும் நடுவில் சேதாரம் இவ்வளவு என்று ஒரு கணக்கு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்தம். இந்த இடத்தில்தான் எல்லாத் தில்லுமுல்லும் நடக்கும். கொடுக்கும்போது ஒரு தராசு, வாங்கும்போது ஒரு தராசு என்று வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்காதே என்று உபாகமம் 25 சொல்வது இதைத்தான்.

இவர் பட்டறையில் ஒரே தராசு. எண் தெரிகிற பக்கம் வேலை கொண்டுவருகிறவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பட்டறைக்காரர்தான் எட்டிப் பார்க்க வேண்டும். தரையைக் கூட்டியெடுக்கிற தூளிலிருந்து வருகிற வெள்ளியைத் தனியாகக் கணக்கு வைத்து, வருஷ முடிவில் போனஸோடு பிரித்துக் கொடுக்கிறார், பாலிஷ் போடுகிற பையன் உட்பட. சிக்லாகைக் கொள்ளையடித்தவர்களைத் துரத்திப்போய் மீட்டு வந்தபோது தாவீது செய்ததும் இதுதானே. 600 பேரில் 200 பேர் களைத்துப்போய்ப் பேசோர் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டார்கள். சண்டைக்குப் போனவர்கள் அவர்களுக்குப் பங்கு கிடையாது என்றபோது, தாவீது சாமான் காத்தவனுக்கும் சரிபங்கு என்று சட்டமே போட்டுவிட்டான். பட்டறைக்காரருக்குச் சபையில் ஒரு பொறுப்பும் கிடையாது. ஜெபிக்கச் சொன்னால் கூச்சப்படுவார். எந்தக் கருத்தரங்குக்கும் அவரைக் கூப்பிட்டதில்லை.

நம்பிக்கை இருக்கும்போது கணக்கு எதற்கு என்று கேட்கிற பக்திமான்கள் எல்லாச் சபையிலும் உண்டு. ஆராதனை முடிந்து காணிக்கையை எண்ணும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று சொன்னால், “என் மேல் சந்தேகமா தம்பி?” என்று முகம் வாடிவிடும். பவுலைவிட நம்பிக்கைக்குரியவர் யார்? யூதேயாவின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்த்த பணத்தை அவர் தனியாக எடுத்துப் போக மறுத்தார். தீத்துவோடு இன்னும் இரண்டு பேரை அனுப்பினார். அவர்களில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். காரணமும் எழுதி வைத்தார்: “கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்.” 2 கொரிந்தியர் 8:21. காணிக்கை எண்ணுகிற அறையில் ஒட்டி வைக்கத் தகுந்த வசனம். எங்கள் சபையில் அங்கே ஒரு காலண்டர் இருக்கிறது. தனியாகப் பணப்பை சுமந்த ஒருவரும் சுவிசேஷத்தில் உண்டு, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்; அவரைப் பற்றி நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழனில் நடத்துகிற கால் கழுவும் ஆராதனை பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு பேர் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டு, வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய காலோடு வருகிறார்கள். ஒருவர் பவுடரே போட்டு வந்திருந்தார். எனக்கு அதில் எதிர்ப்பில்லை, ஆராதனை ஆராதனைதான். தலைமைத்துவப் பாடம் அந்தத் தொட்டியில் இருப்பதைவிட, மறுநாள் அந்தத் தொட்டியை யார் கழுவி வைத்தார் என்பதில் அதிகம் இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

யாத்திராகமம் 18 எனக்குப் பிடித்த அதிகாரம். மருமகன் மோசே காலையிலிருந்து சாயந்தரம் வரை பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்கிறான். மாமனார் எத்திரோ ஊரிலிருந்து வந்தவர் ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்கிறார். நம் பக்கத்தில் மாமனார் இப்படிச் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மோசே கேட்டுக்கொண்டார். ஆட்களைப் பொறுக்க எத்திரோ சொன்ன தகுதிகளில் ஒன்று பொருளாசையை வெறுக்கிறவர்களாக இருப்பது. பேச்சுத் திறமை அந்தப் பட்டியலில் இல்லை. மோசேக்கே அது இல்லைதானே.

இதெல்லாம் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது என்றால், எங்கள் குருசேகரக் கமிட்டிக்கு, அதாவது ஒரு ஆயரின் கீழ் உள்ள சபைகளை நிர்வகிக்கிற குழுவுக்கு, தேர்தல் வருகிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிற காய்ச்சல். டீக்கடையில் அணி பிரியும், வாட்ஸாப்பில் வசனம் பறக்கும். இந்த நேரத்தில் நான் நியாயாதிபதிகள் 9-ஐ எடுத்து வாசிப்பது வழக்கம். மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடிப் போன கதை. ஒலிவமரம் எண்ணெயை விட்டு வரமாட்டேன் என்கிறது, அத்திமரம் இனிப்பை விட்டு வரமாட்டேன் என்கிறது, திராட்சச்செடி ரசத்தை விட்டு வரமாட்டேன் என்கிறது. கடைசியில் முட்செடி வந்து, என் நிழலில் ஒதுங்குங்கள் என்கிறது. முட்செடிக்கு நிழல்! இந்தக் கதையைச் சொன்ன யோதாமுக்கு நல்ல நகைச்சுவை. அந்த மூன்று மரங்களையும் தாழ்மைக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோதாம் கோபப்பட்டது, சகோதரர்களைக் கொன்ற அபிமெலேக்கை ராஜாவாகத் தேர்ந்தெடுத்தவர்கள் மேல், சரி. ஆனாலும் “எனக்கு எதுக்குங்க இந்த வம்பு” என்று பட்டறையிலும் வீட்டிலும் ஒதுங்கிவிடுகிற நல்ல மரங்களுக்கு அந்தக் கதையில் பங்கு உண்டு. வெள்ளிப் பட்டறைக்காரரை மனுப் போடச் சொல்லிப் பார்த்தேன். அவர் பேச்சு அச்சு அசல் அத்திமரத்தின் பேச்சாகவே இருந்தது.

மனுப் போட்டிருப்பவர்களில் ஒருவர் வட்டிக்கு விடுகிறவர். நல்ல மனிதர்தான், ஆராதனைக்குத் தவறமாட்டார், ஜெனரேட்டர் வாங்கப் பெரிய தொகை கொடுத்தார். சபையிலேயே சில குடும்பங்கள் அவரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள். சிலருடைய பத்திரம் அவர் பீரோவில் இருக்கிறது. இவருக்கு ஓட்டுப் போடலாமா என்று ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார். நெகேமியா 5-ஐ வாசி என்றேன்.

நெகேமியா என்றால் எருசலேமின் அலங்கம் (மதில்), அதைக் கட்டி முடித்த 52 நாள், தரிசனம் என்று முடித்துவிடுகிறோம். நடுவில் இந்த ஐந்தாம் அதிகாரம் இருக்கிறது. அலங்கம் கட்டுகிறவர்களே வந்து அழுகிறார்கள்: பஞ்சத்துக்கும் ராஜாவின் வரிக்கும் நிலத்தை அடகு வைத்தோம், பிள்ளைகள் அடிமையாகப் போகிறார்கள், கடன் கொடுத்தவர்கள் நம் சொந்த ஜனம்தான். நெகேமியா வேலையின் நடுவிலேயே பெரிய சபையைக் கூட்டிப் பிரபுக்களைக் கேட்கிறார். நானும் என் சகோதரரும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம், இதை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். நிலங்களையும் தோட்டங்களையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், நூற்றுக்கொன்று வாங்குகிற வட்டியைத் தள்ளிவிடுங்கள் என்கிறார். அதை மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால், நம் கணக்கில் ஒரு வட்டி. ஒரு வட்டிக்கே அவர் சபையைக் கூட்டினார். நம் ஊரில் மூன்று வட்டி என்றால் தங்கமான மனுஷன் என்பார்கள். மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாம் கொடுமையாகிப் போய், 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

அதே அதிகாரத்தின் கடைசியில் அவர் தன் கணக்கையும் வைக்கிறார். முன்பிருந்த அதிபதிகள் அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் மேல் 40 சேக்கல் வெள்ளி வாங்கினார்கள், அவர்கள் வேலைக்காரரும் ஜனங்களை அதிகாரம் பண்ணினார்கள். “நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை.” 12 வருஷம் அதிபதிக்கான படியை வாங்கவில்லை. அவர் பந்தியில் 150 பேர் சாப்பிட்டார்கள், நாளுக்கு ஒரு காளை, ஆறு நல்ல ஆடுகள், கோழிகள். சாப்பாட்டுச் செலவை இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்த அதிபதியைப் பார்த்தால் எனக்குத் தொழில் பாசம் வந்துவிடுகிறது.

வட்டிக்கு விடுகிற அந்த மனிதரிடம் நானே நேரில் போய்ப் பேசினேன். பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, சபைக்காரர்களிடம் வாங்கும் வட்டியை விட்டுவிட்டால் நானே முன்மொழிகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. “அண்ணே, பத்திரத்தைக் குடுத்தர்றேன்னு வையுங்க. அடுத்த ஜூன்ல பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்னு ராத்திரி பத்து மணிக்கு வந்து நிப்பாங்க. பேங்க்காரன் குடுப்பானா? நீங்க குடுப்பீங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நெகேமியாவின் கூட்டத்தில் பிரபுக்கள் வாயடைத்துப் போனார்கள். இவரை அப்படி வாயடைக்க வைக்க என்னால் முடியவில்லை. வட்டிக்காரரைக் கமிட்டியில் சேர்க்காமல் இருப்பது சுலபம். அவரிடம் போகிற தேவை சபையில் இருக்கும்போது, அதைப் பற்றி ஒரு கமிட்டியும் தீர்மானம் போடாமல் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மனுப் போட்டிருக்கிற மற்றவர்களிடமும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபுரத்துக்குப் பெயின்ட், புதிய சவுண்ட் சிஸ்டம் என்று பதில் வருகிறது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மட்டும் ஏற்கெனவே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. மாதம் ஆளுக்கு ஒரு தொகை போட்டு ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போதும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வட்டியில்லாமல் கொடுக்கிறார்கள், முடிகிறபோது தவணையாகத் திரும்பி வருகிறது. பெரிய தொகை இல்லை. மாதாமாதம் ஜெபம் முடிந்ததும் பொருளாளர் அக்கா நோட்டைத் திறந்து வரவு, கொடுத்தது, திரும்பி வந்தது, கையிருப்பு எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பார். நோட்டைப் பக்கத்தில் இருப்பவர் வாங்கிக் கூட்டிப் பார்ப்பார். கடன் வாங்கியவர்களின் பெயரை மட்டும் வாசிப்பதில்லை, தொகையைத்தான் வாசிப்பார்கள்.